வருகைத் தாளின் மேல் விளிம்பு

நடந்தவை, வரிசைப்படி:

1. எங்கள் ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் வயர் கூடை வகுப்பு தொடங்கினேன். இருபத்து மூன்று பெண்கள் சேர்ந்தார்கள்.

2. அவர்களில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வகுப்பிலேயே கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன்.

3. ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு ஒரு மனு எழுதினேன். இருபத்து மூன்று கையெழுத்துகளை அதனுடன் இணைத்தேன்.

4. அந்தக் கையெழுத்துகள் மனுவுக்காகப் போட்டவை அல்ல. கூடை வகுப்பின் வருகைத் தாளில் போட்டவை.

5. மனு மேலிடத்துக்குப் போனது. ஊராட்சித் தலைவர் காதுக்கும் போனது.

6. முதல் கையெழுத்துக்காரியான விசாலம் வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள்.

7. கையெழுத்துப் போட்டவர்களை நேரில் விசாரிக்க ஓர் அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. அதற்கு ஏழு நாள் இருந்தது.

நான்காவதை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே வாருங்கள். நான் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் இதை எழுதுகிறேன். பணி அனுபவங்களைத் தலை நரைத்தபின் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்த மாதக் கடைசியோடு கைத்தொழில் பயிற்றுநர் வேலையிலிருந்து நின்றுகொண்டு, ஒரு பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். நீங்கள் ஏற்றுக்கொள்ளப் போகும் கிராமங்களின் கோப்புகளை மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். எத்தனை வயர் கட்டு வாங்குவது, பிஸ்கட் முடிச்சை எந்த வாரம் சொல்லிக்கொடுப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. இது இல்லை.

நான் சிவில் டிப்ளமா படித்தவள். படித்து முடித்தபோது ஒரு பெண்ணை ரோடு அளக்க அனுப்ப யாரும் தயாராக இல்லை. பொழுதுபோக்காகக் கற்றுவைத்த கூடைப் பின்னல்தான் வேலை வாங்கிக் கொடுத்தது. சேர்ந்த அன்று எங்கள் மேலதிகாரி அம்மா சொன்னதை நோட்டில் எழுதி வைத்தேன்: "சங்கம் என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். கைவேலை என்றால் வருவார்கள். கை வேலை செய்யும்போது வாய் சும்மாதானே இருக்கிறது? ஊர்க் காரியம் பேச வை. ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஒரு வார்த்தை பேசினால், அதுதான் நீ பின்னிய கூடை."

அது எழுபதுகளின் தொடக்கம். மழை பொய்த்த வருடம். கோட்டையூரில் பஸ் இறங்கி இரண்டு மைல் நடந்தால் அந்தக் கிராமம். மேலத் தெருவில் விவசாயக் குடும்பங்கள், கீழத் தெருவில் ஆசாரிக் குடும்பங்கள். கிணறுகளில் உப்புத் தண்ணீர். குடிப்பதற்கு ஊருணி ஒன்றுதான். அந்த வருடம் ஊருணியில் கடைசிப் படிக்கும் கீழே இறங்கித்தான் குடம் முக்க வேண்டியிருந்தது.

வகுப்பு பள்ளிக்கூடத்தின் பின் வராந்தாவில் நடக்கும். முதல் ஆளாக வருகிறவள் விசாலம். கீழத் தெருத் தச்சாசாரி ஒருவரின் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முதலில் வருவதால் வருகைத் தாளில் எப்போதும் அவள் பெயர்தான் முதலில். கையெழுத்துப் பழகியபோது அவளுடைய 'வி'யின் கொக்கி மட்டும் பெரிதாகப் போய் மேல் வரியைத் தொடும். திருத்திப் பார்த்தேன், திருந்தவில்லை. முதன்முதலாக முழுப் பெயரையும் பார்க்காமல் போட்ட அன்று அவள் கேட்டாள்:

"இனிமே என்னைய யாரும் ஏமாத்த முடியாதுல்ல டீச்சர்?"

"முடியாது" என்றேன்.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். காலை அலுவலகத்துக்குப் போனதும் மேலதிகாரி அம்மா கூப்பிட்டார். குடிதண்ணீர்க் குழாய் போடும் திட்டத்துக்குக் கிராமங்களின் பட்டியல் அன்றே மேலே போகிறது; பெண்களின் கையெழுத்தோடு ஒரு மனு இருந்தால் உன் கிராமத்தைச் சேர்க்கலாம்; ஜீப் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் என்றார். அடுத்த வகுப்பு செவ்வாய்க்கிழமைதான். கிராமத்துக்குப் போய்வர நேரம் இல்லை.

மனுவை அரை மணி நேரத்தில் எழுதினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பழைய மனு ஒன்றைப் பார்த்து, "பலமுறை ஊராட்சியில் முறையிட்டும் பலன் இல்லாததால்" என்று தொடங்கினேன். எல்லா மனுவும் அப்படித்தான் தொடங்கும். ஊர்ப் படம் ஒன்றும் வரைந்து வைத்தேன். வகுப்பு தொடங்குவதற்கு முந்திய மாதமே இரண்டு தெருக்களையும் காலடியால் அளந்திருந்தேன். இரண்டுக்கும் சரிசமமான தூரத்தில், ஆண்கள் உட்காரும் சாவடிக்கு முன்னால் குழாயைக் குறித்தேன். படம் அழகாக வந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கையெழுத்துதான் இல்லை. பையில் வியாழக்கிழமை வருகைத் தாள் இருந்தது. கோடு போட்ட வெள்ளைத் தாள். மேலே ஒரே வரியில் தலைப்பு, கீழே இருபத்து மூன்று பேர். தினமும் தண்ணீர்க் கஷ்டத்தைத்தானே பேசுகிறார்கள், கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள் என்று நினைத்தேன். வயர் நறுக்கும் பிளேடை எடுத்தேன். ஸ்கேல் வைத்து, தலைப்பு வரியை மட்டும் நேராக நறுக்கினேன். வெட்டு கோணாமல் வந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது நினைவிருக்கிறது. நறுக்கிய துண்டைக் குப்பைக் கூடையில் போட மனம் வரவில்லை. நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

பதினொன்றேகாலுக்கு மனு தயார்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை வராந்தாவில் பதினோரு பேர்தான் இருந்தார்கள். விசாலம் இல்லை. வழக்கமாக நான் உள்ளே நுழையும்போதே, "டீச்சர், ஒங்க குடைய மறந்துட்டு வந்தீகளா, இல்ல அது ஒங்கள மறந்துருச்சா?" என்று வம்புக்கு இழுக்கிற மேலத் தெரு பாண்டியம்மாள்கூட அன்று தலை நிமிரவில்லை. அவளுக்கு நாற்பது வயதிருக்கும். நான்கு மாடு, இரண்டு கொழுந்தன், ஒரு மாமியார், எல்லாவற்றையும் ஒரே குரலில் மேய்ப்பவள்.

"விசாலம் ஏன் வரலை?"

"தெரியல டீச்சர்" என்றாள் பாண்டியம்மாள். முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, "தெரியாதுன்னு சொல்லச் சொல்லியிருக்காக" என்றாள்.

கீழத் தெருவுக்குப் போனேன். விசாலத்தின் வீட்டுக்காரர் வாசல் பந்தலுக்கடியில் ஒரு நிலைக்காலை இழைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இழைப்புளியை நிறுத்தி வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாங்க டீச்சர். தலைவர் வீட்டுக்கு நெலையும் கதவும் நாந்தான் செய்யிறேன். இது அந்த வேலதான். நேத்து கூப்புட்டு விட்டாக. போனேன். 'ஒம் பொண்டாட்டி எங்கிட்ட எத்தன தடவ வந்து முறையிட்டா, நான் எத்தன தடவ வெரட்டி விட்டேன், நீயே சொல்லு'ன்னாக. நான் என்னத்தச் சொல்ல? அவ தலைவர் வீட்டு வாசலக்கூடப் பாத்ததில்ல."

மரச்சீவலைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"வேற ஆசாரியப் பாத்துக்கிறேன்னு இன்னும் வாயத் தொறந்து சொல்லல. விசாரணை வருதாம்ல, ஒம் பொண்டாட்டி அங்க என்ன சொல்றான்னு பாப்போம்னாக. இந்த வருசம் பூரா எனக்கு இந்த ஒரு வேலதான் டீச்சர்."

கதவுக்குப் பின்னாலிருந்து விசாலத்தின் குரல் வந்தது. ஆள் வெளியே வரவில்லை.

"நான் கூடைக்குத்தான டீச்சர் கையெழுத்துப் போட்டேன்?"

அந்த இடத்தில் "ஆமாம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். "பேசிக்கலாம் விசாலம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். செய்த தவறுகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளேடு பிடித்ததற்கு அவசரம் என்று காரணம் சொல்லலாம். இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் விசாரணைக் கடிதம் வந்தது. மேலதிகாரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உனக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியலை. இது வெளியே வந்தால் வேலை போகும். வகுப்பும் போகும். ஊருக்குத் தண்ணீரும் வராது. இருபத்து மூணு பேரும் 'ஆமா, போட்டோம்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். போதும். நீ போய்ப் பேசு. அவங்களுக்கு உன்மேல் பிரியம் இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கெடுதல் நினைத்தும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஆலோசனைகள் உங்களுக்கும் வரும், பிரியத்தோடுதான் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

கோட்டையூர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நோட்டில் பட்டியல் போட்டேன். எனக்குப் பயம் வந்தால் பட்டியல் போடுவேன்.

அவர்கள் 'ஆமாம்' என்று சொன்னால்: என் வேலை தப்பும். வகுப்பு தப்பும். குழாய் வரலாம். விசாலத்தின் வீட்டில் கதவு வேலை போகும்.

அவர்கள் 'இல்லை' என்று சொன்னால்: கதவு வேலை தப்பும். என் வேலை போகும். குழாய் வராது.

இரண்டையும் பத்துத் தடவை படித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். 'ஆமாம்' என்ற பத்தியில் நன்மைதான் அதிகம் என்று கணக்குச் சொல்லியது. கெடுதல் ஒரே ஒரு வீட்டுக்குத்தான். ஆனால் அந்த வீட்டுக்காரி, இனிமேல் யாரும் ஏமாற்ற முடியாதல்லவா என்று என்னிடம்தான் கேட்டவள்.

அடுத்த வகுப்பில் கூடையைத் தொடவிடாமல் எல்லோரையும் உட்கார வைத்தேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நோட்டிலிருந்து நறுக்கிய துண்டை எடுத்து நடுவில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது குரல் சீராகத்தான் இருந்தது.

பாண்டியம்மாள்தான் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த அழகு என்ற பெண்ணிடம் நீட்டினாள். அழகு வாசித்தாள்: "வயர் கூடைப் பயிற்சி. வருகை."

"அம்புட்டுத்தானா? இத்தினிக்கூண்டு துண்டு" என்றாள் பாண்டியம்மாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப எங்களக் கேக்காமலே எங்களுக்குக் குழாய் கேட்டீக."

"ஆமாம்."

"எங்குட்டு வைக்கச் சொன்னீக?"

படத்தின் நகலை விரித்தேன். இரண்டு தெருக்களுக்கும் ஒரே தூரம் என்று விளக்கினேன். அழகு தன் விரலால் கோட்டைத் தொடர்ந்து போய், "இது சாவடியில்ல?" என்றாள்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். அந்த வாரம் முழுவதும் அந்த வராந்தாவில் கேட்காத சிரிப்பு.

"ஏந் தாயி, சாவடிக்கு முன்னாலயா!" பாண்டியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க சின்ன மாமனாரு அங்கதான் வேட்டி எங்குட்டுக் கெடக்கு, தான் எங்குட்டுக் கெடக்கோம்னு தெரியாமத் தூங்குவாக. நான் அவுக தலமாட்டுல போயிக் கொடத்த வச்சுட்டு நிக்கணுமா? மூணு கொடம் ரொம்புறதுக்குள்ள என் சேலை, என் நடை, என் பொறந்த ஊரு, அம்புட்டையும் பேசி முடிச்சுருவாக."

"அது மட்டுமில்ல மதினி" என்றாள் அழகு. "அங்க சிந்துற தண்ணி பூராவும் ஊருணி வரத்துக்காலுக்குல்ல ஓடும்? மழை பேஞ்சா பாத்ததில்லையா? கொடம் வெளக்குற சாம்பத் தண்ணியும், துணி அலசுற சோப்புத் தண்ணியும் ஊருணிக்குள்ள போயிரும்."

நான் குறுக்கிட்டேன். "அந்த இடம் சமதரை அழகு. நான் பார்த்துத்தான் போட்டேன்."

"நீங்க மழையில பாத்தீகளா டீச்சர்?"

பார்க்கவில்லை. வெயிலில், கண்ணால் மட்டும் பார்த்தேன். மட்டம் பிடிக்கக் கற்றுக்கொடுத்துத்தான் எனக்கு டிப்ளமா கொடுத்தார்கள். தூரத்தை அளந்தேன், சாய்வை அளக்கவில்லை.

பள்ளிக்கூடத்தின் பின்சுவர் ஓரத்தில் வேண்டும் என்றார்கள். இரண்டு தெருக்களும் அங்கே வந்து சேர்கின்றன. புளியமர நிழல் இருக்கிறது. சிந்துகிற தண்ணீர் ஊருணிக்கு மறுபக்கம் ஓடும். ஆண்கள் வரும் வழியும் இல்லை. கீழத் தெருவுக்கு முப்பது அடி கூடுதல். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

"இதை அதிகாரியிடம் சொல்வீர்களா?" என்றேன்.

"தண்ணி ஓடுறதச் சொல்லுவோம். சாவடிக் கதைய நாங்க வச்சுக்கிருவோம்" என்றாள் பாண்டியம்மாள். பிறகு சிரிப்பு நின்றது. "அது இருக்கட்டும். கையெழுத்து ஒன்னோடதுதானான்னு ஆபீசர் கேட்டா நாங்க என்னத்தச் சொல்லணும்?"

மேலதிகாரி அம்மா சொன்ன சொல் என் வாயில் தயாராக இருந்தது. ஒன்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பார்கள்.

"ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்களைக் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன்."

"ஒங்க வேல?"

"தெரியவில்லை" என்றேன். அது உண்மை. ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன், கேட்டால் தேடாமல் கொடுக்கலாம் என்று.

விசாரணை காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூடத்தில். அதிகாரி ஐம்பது வயதுக்காரர். வெயிலில் வந்த எரிச்சலில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் ஊராட்சித் தலைவர், துண்டை மடித்துத் தொடைமேல் போட்டுக்கொண்டு. பெண்கள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எண்ணினேன்: பத்தொன்பது. விசாலம் இல்லை.

அதிகாரி தாளைப் பிரித்தார். "விசாலம் யாரு?"

நான் எழுந்தேன். "ஐயா, அந்தத் தாள் மனுவுக்கான கையெழுத்துத் தாள் அல்ல. வகுப்பின் வருகைத் தாள். தலைப்பை நறுக்கியது நான். துண்டு இதோ இருக்கிறது. இவர்கள் யாருக்கும் மனு போனது தெரியாது. ஊராட்சியில் முறையிட்டதாக எழுதியதும் நான்தான். அவர்கள் முறையிட்டதும் இல்லை, தலைவர் மறுத்ததும் இல்லை."

துண்டை அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தாளின் மேல் விளிம்பில் பொருத்திப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"பாத்தீகளா! நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் தலைவர். அவர் குரலில் நிம்மதிதான் அதிகம் இருந்தது.

அதிகாரி எழுதினார். நிறைய எழுதினார். பிறகு பேனாவை மூடி, கோப்பைக் கட்டினார். "மனு செல்லாது. விசாரணை முடிஞ்சது. நீங்க எல்லாம் போகலாம். நீங்க மட்டும் இருங்கம்மா" என்று என்னைக் காட்டினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். சுவரோரத்தில் பாண்டியம்மாள் மட்டும் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மனு செல்லாதுன்னா சரிங்கய்யா. நாங்க இங்கினதான இருக்கோம். நாங்களும் செல்லாதா?"

அதிகாரி அவளைப் பார்த்தார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"குழாய் வேணும். ஆனா டீச்சர் சொன்ன எடத்துல வேணாம். சாவடிக்கு முன்னால வச்சா அழுக்குத் தண்ணி ஊருணி வரத்துக்காலுக்கு ஓடும்."

"அது மட்டமான தரைம்மா" என்றார் தலைவர், பொறுமையாக. "இந்தா, டீச்சரே படம் போட்டுருக்காக. படிச்சவுக."

என் படத்தை என் கண் முன்னால் விரித்து அவர்களுக்கு எதிராகக் காட்டினார். அதில் நான் எழுதிய 'சமதரை' என்ற சொல் திருத்தமாக இருந்தது.

"நான் அளக்கவில்லை ஐயா. கண்ணால் பார்த்து எழுதினேன்" என்றேன். காலையிலிருந்து சொன்னவற்றில் இதுதான் சொல்லக் கடினமாக இருந்தது. கையெழுத்து விஷயத்தைச் சொல்லித் தீர்த்தாயிற்று. இது என் படிப்பு.

"அளக்கிற ஆள் வந்தால் பார்ப்போம்" என்று அதிகாரி எழுந்தார். எழுந்தால் ஜீப், ஜீப் போனால் அடுத்த வருடம்.

அப்போது வாசலில் விசாலம் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் கீழத் தெருவுக்கும் கூப்பிடு தூரம்தான். டீச்சர் ஒத்துக்கொண்டார் என்ற செய்தியோடு எங்கள் கூட்டத்தில் ஒருத்தி முன்பே நழுவிப் போயிருக்கிறாள். விசாலம் முந்தானையில் எதையோ சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிரித்தாள். தச்சர்கள் வைத்திருக்கும் ரசமட்டம். மரச்சட்டத்தின் நடுவே கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு குமிழ்.

"இது யாருடையது?" என்றார் அதிகாரி.

"வீட்டுல அவுக குடுத்து விட்டாக." தலைவரை அவள் பார்க்கவில்லை. தலைவர் அவளைப் பார்த்தார்.

சாவடிக்கு எல்லோரும் போனோம். உள்ளே படுத்திருந்தவர்கள் இத்தனை பெண்களைக் கண்டதும் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்கள். பாண்டியம்மாளின் சின்ன மாமனாரும் அவர்களில் ஒருவர். பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவந்த நீளப் பலகையை விசாலம் தரையில் போட்டாள். சிறு கற்களை ஒதுக்கினாள். ரசமட்டத்தைப் பலகையின்மேல் வைத்துவிட்டு எழுந்து, அதிகாரிக்கு வழிவிட்டு நின்றாள்.

குமிழ் நடுவில் நிற்கவில்லை. சாவடிப் பக்கமாக ஏறி, கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அதாவது அந்தப் பக்கம் மேடு, ஊருணிப் பக்கம் பள்ளம். அதிகாரி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை குனிந்தார். இடம் மாற்றி மூன்று முறை வைக்கச் சொன்னார். மூன்று முறையும் அதே.

"நீங்க சிவில் படிச்சவங்கன்னு சொன்னாங்களே" என்றார் என்னிடம்.

"ஆமாம்."

அவர் பெண்களிடம் திரும்பி, "எங்க வேணும்னு காட்டுங்க. காட்டினதை எழுதிக் கொடுங்க. இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

பழக்கத்தில் நான் பேனாவை எடுத்தேன். பாண்டியம்மாள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "நீங்க செத்த ஒக்காருங்க டீச்சர். அழகு எழுதட்டும்."

அழகு எழுதினாள். முக்கால் மணி நேரம் ஆனது. ஐந்தே வரி. முறையிட்டும் பலன் இல்லை என்ற வரி அதில் இல்லை. இரண்டு தடவை உரக்க வாசித்தாள். இரண்டாவது தடவை தலைவரும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். கடைசியில் விசாலம் நின்றாள். பேனா அவளிடம் நீண்டது.

"நான் மட்டம் வச்சுட்டேன்ல. அது போதும்" என்றாள். ரசமட்டத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று எனக்குப் பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை, கிடைக்க வேண்டியதும் இல்லை. மெமோ வந்தது. தகுதிகாண் பருவம் ஒரு வருடம் நீண்டது. மூன்று மாதம் வயர் அனுப்புவதை நிறுத்தினார்கள். அந்த மூன்று மாதமும் பெண்கள் முடித்த கூடைகளைப் பிரித்து, பிரித்த வயரில் வேறு முடிச்சுப் போட்டுப் பழகினார்கள். நான் போகவில்லை, போக எனக்கு அனுமதி இல்லை. ராஜினாமாக் கடிதத்தை யாரும் கேட்கவில்லை. கதவு வேலையைத் தலைவர் நிறுத்தவில்லை. அந்த ரசமட்டத்தை அவள் வீட்டுக்காரர் தெரிந்தே கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கூடை பின்ன வருகிறவர்கள் உங்களை நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கையை எடுத்து ஊர்க் காரியத்துக்குப் பயன்படுத்த உங்களுக்கு ஆசை வரும். நல்ல காரியமாகவே இருக்கும். ஜீப்பும் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும். ஜீப் போகட்டும். செவ்வாய்க்கிழமை வரை பொறுத்து, போய், கேளுங்கள். வேண்டாம் என்பார்களோ என்று நான் பயப்படவே இல்லை. வேறு எதையாவது கேட்பார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

இன்றைய நிலவரம்:

குழாய் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் ஓரத்தில் இருக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் வருகிறது. வாஷர் அடிக்கடி தேய்கிறது. தேயும்போது பாண்டியம்மாளும் அழகும் ஊராட்சி அலுவலகத்துக்கு நேரில் போகிறார்கள். பலமுறை போயிருக்கிறார்கள்.

ஊர்ப் படம் திருத்தப்பட்டுக் கோப்பில் இருக்கிறது. பழைய படமும் பின்னால் இருக்கிறது. எடுத்துவிடாதீர்கள்.

வகுப்பில் இப்போது முப்பத்தொரு பேர். விசாலம் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். இப்போதும் முதல் ஆளாக வருகிறாள். சென்ற தேர்தலில் ஓட்டுச்சாவடியில் கையெழுத்துப் போட்டுச் சீட்டு வாங்கியதாகச் சொன்னாள். வகுப்பின் வருகைத் தாளில் மட்டும் அவள் கையெழுத்துப் போடுவதில்லை. கைநாட்டு வைக்கிறாள். மைப்பெட்டி மேசையின் இடது இழுப்பறையில் இருக்கிறது.

உங்களில் யார் அந்தக் கிராமத்துக்குப் போகிறீர்களோ, மைப்பெட்டியைத் திறந்து வையுங்கள். ஏன் என்று அவளிடம் கேட்காதீர்கள்.